பழைய குப்பியில் ஒரு சிட்டிகை

நாகம்மை கண்ணாடிச் சில்லுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேரம் காயைவிடச் சிறிய சதுரங்கள்; ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மின்பூச்சு. முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் சுத்த நீர், அப்புறம் அசிட்டோன், கடைசியில் ஸ்பிரிட். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் அதிர்வுத் தொட்டிக்குள் கிடக்க வேண்டும். விரல் படக்கூடாது. இடுக்கியால் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்ப்பாள். ஒரு புள்ளி இருந்தாலும் மறுபடி சோப்புத் தண்ணீர்தான்.

"ஆச்சி, இன்னைக்கு ரெண்டு தடவை கழுவிருங்க" என்றான் அடைக்கப்பன், கதவருகிலேயே நின்று.

"அழுக்கு இருந்தாத்தானே ரெண்டாந்தடவை?"

"பிரான்சுலேருந்து வர்றவரு பாப்பாரு ஆச்சி."

"பாக்கட்டும். அவரு மூஞ்சியே அதுல தெரியும். சாப்பிட்டியா நீ?"

"காப்பி குடிச்சேன்."

"காப்பியைக் கேக்கலை."

அவன் உள்ளே போனான். மூன்று வாரமாக அவன் இப்படித்தான் இருந்தான்; சட்டை தோளில் தொங்கியது.

வியட்நாமில், சைகோனின் தூ டுக் பகுதியில் இருந்த அந்த ஆய்வகத்தில் பிளாஸ்டிக் மாதிரியான ஒரு கரிமப் பொருளை மை போலக் கரைத்து, கண்ணாடியில் மெல்லியதாகப் பூசி, சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கப் பார்த்தார்கள். மூன்று நாட்டு வேலை. பொருளைச் சமைத்து அனுப்புவது சென்னையில் ஒரு குழு. அதைக் கொண்டு மின்கலம் செய்வது சைகோனில். சரிபார்ப்பது பிரான்சில். மார்ச் மாதம் அடைக்கப்பன் செய்த கலங்கள், விழுந்த ஒளியில் நூற்றுக்குப் பதினான்கு பங்கை மின்சாரமாக்கின. அந்தப் பொருளுக்கு அது பெரிய எண். பேராசிரியர் லான் எல்லோருக்கும் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். அப்புறம் பிரான்சில் அதே பொருளைச் சென்னையிலிருந்து நேராக வாங்கிச் செய்து பார்த்தார்கள். பதினொன்றுதான் வந்தது. மறுபடி செய்தார்கள். பதினொன்று.

அங்கிருந்து வந்த கடிதத்தில் யாரும் யாரையும் பொய்யன் என்று சொல்லவில்லை. 'எங்கள் தரப்பிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பது நல்லது' என்று மட்டும் இருந்தது. அடைக்கப்பனுக்கு அதுவே போதுமாயிருந்தது. வயது முப்பத்தொன்று. ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. அடுத்து எங்கே போனாலும் அந்தப் பதினான்கைக் காட்டித்தான் போக வேண்டும். அது பொய்யென்று ஆகிவிட்டால், இந்தத் துறையில் அவன் எந்தக் கதவையும் தட்ட முடியாது.

நாகம்மைக்கு இதெல்லாம் தெரியும். ஆய்வகத்தில் அவளுக்குத் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை. தேவகோட்டைப் பக்கத்தில் பிறந்து, வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு அழகப்பனைக் கட்டிக்கொண்டு இரண்டாயிரத்து மூன்றில் இந்த ஊருக்கு வந்தவள். அழகப்பன் துறைமுகப் பக்கத்துக் கான் ஹொய்யில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கிட்டங்கியில் தரம் பார்ப்பவர். வீடும் அங்கேயேதான்: பாலத்துக்கு இறக்கத்தில், சந்துக்குள், மூன்றாவது மாடி. முதல் ஐந்து வருடம் மீன்காரிகளிடம் பேரம் பேசியே வியட்நாம் மொழியைக் கற்றாள். அதனால் இன்றைக்கும் அவள் பேசுவதில் கொஞ்சம் சண்டைத் தொனி இருக்கும். த்ருவோங் டின் தெருவில் இருக்கும் தமிழ்க் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சிக்காரர்கள் மொழி தெரியாமல் திண்டாட, இவள் இரண்டு நாள் கூடப் போய்ப் பேசிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பேராசிரியர் லான், "குடுவை கழுவத் தெரியுமா?" என்று கேட்டார். "கழுவத் தெரியாத பொம்பளை உண்டா?" என்றாள் நாகம்மை. அன்றிலிருந்து அவள் அங்கே சி நா. நா அக்கா. கழுவுவதோடு குளிர்பெட்டிச் சாவி, நைட்ரஜன் பெட்டி, குப்பிகளின் பதிவேடு எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டன.

பத்து மணிக்குப் பிரான்சுக் குழுவின் ஜூல் வந்தார். அறுபது வயது, ஒல்லி, மழையில் நனைந்த காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டார். காரைக்கால் குடும்பம், அப்பா இங்கே துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். எழுபத்தாறில் பிள்ளைகளோடு பிரான்சுக்குப் போய்விட்டார்.

"இங்கதான் பொறந்தேன், மதாம்" என்றார் நாகம்மையிடம் தமிழில். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "விளக்கைக் கடைசியா எப்ப அளந்து பாத்தீங்க? அந்தக் காகிதம் வேணும்" என்றார்.

பேராசிரியர் லான் அவரைச் சுற்றிக் காட்டினார். நாகம்மையிடம் வந்ததும் தோளில் கை வைத்து, "எங்கள் ஆய்வகத்திலேயே சுத்தமான கை இது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தவறு கிடையாது" என்றார். நாகம்மை தலையைக் குனிந்துகொண்டாள். காதுவரை சூடேறியது, மகிழ்ச்சியில்தான்.

ஜூல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார். சென்னையிலிருந்து அவர்களுக்கு வந்த பொருள். இங்கே மார்ச்சில் உபயோகித்த அதே சமையல், இரண்டாம் தடவைச் சமையல். இங்கே வந்த குப்பி ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. "இதுல செய்ங்க, முசே அடைக்கப்பன். உங்க கை, உங்க கண்ணாடி, உங்க விளக்கு. நான் தொட மாட்டேன். உக்காந்து பாப்பேன்."

அப்படியே உட்கார்ந்து பார்த்தார். அடைக்கப்பன் நைட்ரஜன் பெட்டியின் நீண்ட கையுறைகளுக்குள் கைவிட்டு, பொருளை எடை போட்டு, கரைத்து, சுழலும் கண்ணாடி மேல் சொட்டுச் சொட்டாக விட்டான். நாகம்மை சில்லுகளை எடுத்துக் கொடுத்தாள். மூன்று மணி நேரத்தில் அவர்கள் பேசியது பத்து வார்த்தை இருக்காது. அன்று சாயங்காலம் இயந்திரம் கலங்களின் மேல் வெள்ளிப்பூச்சுப் போட்டது.

புதன்கிழமை காலை அளந்தார்கள். செயற்கைச் சூரியன் என்று அவர்கள் சொல்கிற விளக்கின் அடியில் முதல் சில்லை அடைக்கப்பன் இரண்டு தடவை எடுத்து எடுத்து நேராக வைத்தான். திரையில் கோடு வளைந்து இறங்கியது.

பதினொன்று புள்ளி இரண்டு.

இரண்டாவது, பத்து புள்ளி ஒன்பது. மூன்றாவதை அவன் வைக்கவே இல்லை.

"ஆக, கை நல்லாயிருக்கு. விளக்கும் நல்லாயிருக்கு" என்றார் ஜூல் மெதுவாக. "எங்களுக்கு வந்த எண்தான் உங்களுக்கும் வருது. அப்ப மார்ச்சுல மட்டும் என்ன நடந்துச்சு?"

ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

ஜூல் பதிவேட்டைக் கேட்டார். நாகம்மை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய உருண்டைக் கையெழுத்து. தேதி, எடை, எடுத்தவர் பெயர். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஜனவரியில் வந்து நின்றார். 'இரண்டாம் சமையல் வந்தது, இருநூறு மில்லிகிராம்.' அந்த மாதத்தில் அதற்குக் கீழே எதுவும் இல்லை. பக்கத்தைத் திருப்பினார். திரும்ப முதலுக்கு வந்தார். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"மதாம், குப்பிகளைத் தொடறது நீங்கதானே? மார்ச்சுல எடுத்த குப்பியில வேற எதாச்சும் விழுந்துச்சா? எவனாச்சும் எதாச்சும் சேத்தானா?"

அந்தக் கணம் வரை நாகம்மைக்கு அது நினைவிலேயே இல்லை. இப்போது முழுதாக நினைவுக்கு வந்தது.

தேத் வருடப் பிறப்புக்கு நான்கு நாள் முன்பு. ஆய்வகம் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பழையதெல்லாம் தீர வேண்டும், புது வருடத்துக்கு மிச்சம் தங்கக்கூடாது. அன்றைக்குத்தான் புதுக் குப்பியும் வந்தது. முதல் சமையலின் பழைய குப்பியில் அறுபது மில்லிகிராம் போல மிச்சம். ஒரே பெயர், ஒரே எண், ஒரே கம்பெனிக் குப்பி. வீட்டில் அரிசி வந்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள்: பழையதைப் புதியதோடு கொட்டிக் குலுக்கினாள். பதிவேட்டில் எழுதத் தோன்றவில்லை. அரிசியோடு அரிசி சேர்ந்ததை யார் எழுதுவார்கள்?

"இல்லை" என்றாள் நாகம்மை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு பலமுறை யோசித்தாள். வேலை போய்விடும் என்ற பயம் அந்த நொடியில் வரவில்லை. நேற்றுத் தோளில் வைத்த அந்தக் கை இன்னும் அங்கேயே இருப்பதுபோல் இருந்தது. அவ்வளவுதான்.

ஜூல் பதிவேட்டை மூடினார். "வெள்ளிக்கிழமை நான் அறிக்கை அனுப்பணும். திரும்பச் செய்ய முடியலைன்னுதான் எழுத முடியும். இந்த ஆய்வகத்துப் பேரும் அதுல வரும். எனக்கும் பிடிக்கலை."

அடைக்கப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேராசிரியர் லான் அவனைப் பார்க்கவில்லை. யாரும் அவனைப் பார்க்காததுதான் நாகம்மைக்கு உறைத்தது.

அன்று மாலை மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். பென் தான் சந்தையருகே இறங்கி, வண்டியை எடுத்துப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தபோது, அழகப்பன் பத்துக் கிலோ அரிசிப் பையை மாடி ஏற்றி வைத்துவிட்டு விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தா, அரிசி வந்திருக்கு. டப்பாவுல தட்டிரு. எறும்பு வரும்."

அவள் தகர டப்பாவைத் திறந்தாள். அடியில் இரண்டு கைப்பிடி அரிசி. அவள் ஆத்தா சொல்லி வளர்த்தது: பானையைத் துடைத்து வழித்துக் காலியாக்கக்கூடாது, கொஞ்சம் கிடக்கணும், அதன்மேல்தான் புதுசு விழணும். கீழ்வீட்டு வியட்நாம்காரியும் தேத் ராத்திரி அரிசிச் சாடி நிரம்பித்தான் இருக்கணும் என்பாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் சண்டையே வந்ததில்லை. நாகம்மை பையைச் சாய்த்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்னங்க. மிளகுல பழசும் புதுசும் கலந்தா என்ன ஆகும்?"

"ரெண்டு லாட்டையா? கப்பல் திரும்பி வரும். என் வேலை போயிரும்." அவர் நிமிர்ந்தார். "யாரு கலந்தா?"

சொன்னாள். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் தெருவில் பான் மீ ரொட்டி விற்கிற வண்டியின் ஒலிபெருக்கி இரண்டு தடவை வந்துபோனது.

"ஆக, கலப்படம் பண்ணினது நீ. நல்ல மார்க்கு வந்தது அவனுக்கு. எங்க கிட்டங்கியில இப்படி ஒரு அதிர்ஷ்டம் நடந்ததில்லை."

"சிரிக்காதிய. அவன் மூஞ்சியைப் பாத்தியன்னா இப்படிப் பேச மாட்டிய."

"சிரிக்கலை. அவரு கேட்டப்ப ஏன் இல்லைன்னே?"

"தெரியலை."

"தெரியும்" என்றார் அழகப்பன். "சொன்னா உன் வேலை போகலாம். சொல்லலைன்னா அந்தப் புள்ளை போவான். இதுல நான் என்னத்தைச் சொல்ல? நாளைக்குப் போற வழியில ரெண்டு இட்லி கட்டிக்கிட்டுப் போ, அவன் திங்கிறானான்னு பாரு. இப்ப அரிசியைத் தட்டு."

அவள் தட்டினாள். டப்பா மூடியை அழுத்தும்போதுதான் அது தோன்றியது. பழைய குப்பி. அதையும் அவள் வழித்துக் காலியாக்கியிருக்க மாட்டாள். எதையும் அப்படி ஆக்கியதில்லை.

மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் ஆய்வகத்தில் இருந்தாள். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், கழுவாமல் விட்ட குப்பிகளின் பெட்டியில், மூன்றாவது வரிசையில் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். புதிய பொருள் செம்புத் துகள் போல இருக்கும். இது கருநீலம், நூல் நூலாக, அடியில் ஒரு சிட்டிகை. இரண்டும் ஒன்றில்லை என்று கண்ணே சொல்லியிருக்கும். தேத் அவசரத்தில் அவள் பார்க்கவில்லை.

பேராசிரியர் லானின் அறையில் ஜூலும் இருந்தார். நாகம்மை குப்பியை மேஜை மேல் வைத்தாள். நின்றபடியே வியட்நாம் மொழியில் சொன்னாள். அந்தச் சண்டைத் தொனியை இந்த ஒரு தடவையாவது அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தாள். முடிந்தால் இன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவும் தயார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நேற்று இல்லை என்றாயே, சி நா."

"ஆமாம்."

அவர் குப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு பேராசிரியர் கேட்டது: "எவ்வளவு சேர்த்தாய்? அறுபதா, எழுபதா?"

ஜூல் ஏற்கெனவே சென்னைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். முதல் சமையலின் மூலக்கூறுச் சங்கிலிகள் நீளமானவை, இரண்டாவதில் குட்டையானவை என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்கள். இரண்டும் கலந்தால் பூச்சு வேறு மாதிரி உறையலாம். ஜூல் போனை வைத்துவிட்டு, "நீளமும் குட்டையும்! வுவாலா!" என்று மேஜையைத் தட்டினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. யாருக்கும் இல்லை. நாகம்மைக்குக் காலை ஊன்ற இடமில்லாதது போலிருந்தது.

"அடைக்கப்பனைக் கூப்பிடுங்க. அவன் கையாலேயே செய்யட்டும்" என்றாள்.

அவன் போனை எடுக்கவில்லை. நாகம்மை நான்கு தடவை கூப்பிட்டாள். ஐந்தாவது தடவை பேராசிரியர் கூப்பிட்டார், எடுத்தான். ஒன்பதரைக்கு வந்தான். குளித்து, முடி வாரி, தேய்த்த சட்டை போட்டிருந்தான். ஏதோ முடிந்துபோய்விட்டவன் மாதிரி இருந்தான்.

பேராசிரியர் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். அவன் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தான். நாகம்மையைப் பார்க்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு நைட்ரஜன் பெட்டிக்குப் போனான்.

பழையதில் ஆறு மில்லிகிராம், ஜூல் கொண்டுவந்த புதியதில் இருபது. ஒரு தடவைக்குத்தான் தைரியமாகப் போட முடியும். கலங்கினால், கொட்டினால், அவ்வளவுதான். நாகம்மை சில்லுகளை இரண்டு தடவை கழுவினாள். நீட்டும்போது அவன் கை அவள் கைப்பக்கம் வந்தது, வாங்கிக்கொண்டது, போனது. இட்லிப் பொட்டலம் அவள் பையிலேயே கிடந்தது. மத்தியானம் மழை பிடித்து, ஒரு தடவை விளக்குகள் மங்கி மறுபடி வந்தன. வெள்ளிப்பூச்சு இயந்திரம் நிற்கவில்லை என்று தெரியும்வரை நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாலு மணிக்கு விளக்கின் கீழ் வைத்தார்கள். இன்றைக்கு அவன் சில்லை ஒரே தடவையில் நேராக வைத்தான்.

பதினான்கு புள்ளி மூன்று.

இரண்டாவது, பதினான்கு புள்ளி ஒன்று.

பேராசிரியர் லான் ஜூலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதை முறையாக, அளவு அளவாகக் கலந்து பார்க்க வேண்டும் என்றார். சென்னையில் பழைய சமையலைத் திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும் என்றார் ஜூல். "கட்டுரையில உங்களுக்கும் ஒரு நன்றி போடணும், மதாம்" என்று நாகம்மையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இருவரும் சென்னையோடு பேசப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய உற்சாகமான குரல் சுவர் வழியாகக் கேட்டது.

அடைக்கப்பன் கணினியை மூடவில்லை. நாகம்மை அருகில் போனாள்.

"தம்பி. சரியாயிருச்சுல்ல. நீ பொய் சொல்லலைன்னு இப்ப எல்லாருக்கும் தெரியுமே."

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மெயில் அனுப்பினேன் ஆச்சி." திரையைப் பார்த்தபடியே சொன்னான். "மூணு குழுவுக்கும். எங்க கைடுக்கும். அடுத்த வேலைக்கு எழுதிப்போட்டிருந்த இடத்துக்கும். எண்ணைக் குறிச்சதுல என் தப்பு இருக்கலாம், என் பேரை எடுத்துருங்கன்னு. ஆய்வகத்துப் பேராவது கெடாம இருக்கட்டுமேன்னு."

"அதைத் திரும்பக் கூப்பிட முடியாதா?"

"இன்னொண்ணு எழுதலாம். எழுதுவாக. ஆனா முதல்ல படிச்சது எதுன்னு அவுகளுக்குத் தெரியும். தப்பு பண்ணினேன்னு ஒருத்தன் தானே எழுதிக்குடுத்தா, அப்புறம் பண்ணலைன்னு யாரு சொன்னாலும் ஒரு சிரிப்புச் சிரிப்பாக."

அவள் தட்டில் மிச்சமிருந்த கழுவாத சில்லுகளை நேராக்கினாள். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

"ஒண்ணு கேக்கட்டுமா ஆச்சி?" இப்போதுதான் அவன் திரும்பினான். குரல் உயரவில்லை. "நீங்க கலந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. எங்க ஆத்தாவும் அப்படித்தான் கொட்டும். நேத்து அவரு கேட்டாரே. நான் அந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க எனக்குப் பக்கத்துலதானே நின்னிய? என்னைப் பாத்துக்கிட்டேதானே இல்லைன்னு சொன்னிய?"

பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். அதிர்வுத் தொட்டி பத்து நிமிடம் முடிந்து நின்றது. நாகம்மை இடுக்கியைக் கையில் எடுத்தாள். ஈரச் சில்லு ஒன்றை ஓரத்தில் பிடித்துத் தூக்கினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை.

அவன் காத்திருந்தான். சில்லிலிருந்து மூன்று சொட்டு விழுந்தது.

பிறகு அடைக்கப்பன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான், குடையை எடுத்துக்கொண்டான், கதவைத் தோளால் தள்ளி வெளியே போனான்.